மதிலோரம் பன்னிரண்டு குச்சி

மேட்டு வீட்டுக் காண்டிராக்டர் தன் மதிலின் அடியில் நான்கு ஓட்டைகள் விட்டிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு டம்ளர் நுழைகிற அளவு. மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய தோட்டம், இந்தப் பக்கம் லாண்டரியக்கா வீட்டுக் கொல்லை. எங்கெங்கோ இடித்த வீடுகளின் செங்கல்லும் ஓடும் உடைந்த பீங்கானும் லாரி லாரியாக வந்து இறங்கி, அவர் மனை இடுப்பளவு உயர்ந்துவிட்டது. உயர்ந்த பிறகு மழைத்தண்ணீர் தேங்கி மதிலைத் தள்ளிவிடக் கூடாதே என்று அந்த ஓட்டைகள். மதில் நின்றது. ஒரு மணி நேரம் மழை அடித்தால் நான்கு ஓட்டையும் நான்கு குழாய் மாதிரி லாண்டரியக்காவின் கொல்லையில் ஊற்றும். மழை விட்டு நாலு நாள் ஆனாலும் கணுக்கால் தண்ணீர் வற்றாது. வற்றிய இடத்தில் பாசி.

லாண்டரியக்கா என்பது தெரு வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. ஆபரேஷன் தியேட்டர் விரிப்புகள், வார்டுப் போர்வைகள், டாக்டர்களின் கோட்டுகள் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போகும். ரத்தக் கறையைச் சுடுதண்ணீரில் போட்டால் அது துணியோடு ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, அவசரப்படாமல் காத்திருந்துதான் எடுக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வாள். பொறுமையை அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இன்ஜின் பாஷையில்தான் பேசுவார். பசித்தால் "டேங்கு காலி" என்பார், முட்டி வலித்தால் "பேரிங் போச்சு" என்பார். அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு மதியம், கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போன மனுஷர் பாசியில் வழுக்கி, இடுப்பு மடங்க விழுந்தார். அவள் வேலையில் இருந்தாள். அலறல் கேட்டு ஓடிவந்தவள் காண்டிராக்டரின் சம்சாரம்தான். தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, சேற்றில் மண்டியிட்டு, அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கத்தி ஆள் கூப்பிட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

இடுப்பு எலும்பில் கம்பி வைத்தார்கள். மூன்றாம் நாள், மாற்றுத் துணி எடுக்க லாண்டரியக்கா வீட்டுக்கு வந்தபோது காண்டிராக்டரின் கார் அவள் வாசலில் வேகம் குறைந்தது. கண்ணாடி பாதி இறங்கியது.

"எப்படி இருக்காரு?"

"கம்பி வச்சிருக்காங்க. உங்க தண்ணியிலதான் விழுந்தாரு."

"வயசானவரு. பார்த்து நடக்கணும்ல?"

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

அவள் அப்படியே நின்றாள். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். இறங்காமல், கதவைத் திறக்காமல், இன்ஜினைக்கூட அணைக்காமல் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரு வாக்கியம் நெஞ்சில் முள்ளாக நின்றுகொண்டது. துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே இன்னொன்று காத்திருந்தது. மதிலை ஒட்டி, இவள் பக்கத்தில், நீளவாக்கில் புதுமண். ஆளில்லாத மூன்று நாளில் தோண்டி மூடியிருக்கிறார்கள். புது வீட்டின் கழிவுக் குழாயைத் தன் மேட்டுச் செங்கல் குவியலுக்குள் பதிப்பதைவிட இவளுடைய இளகிய மண்ணில் பதிப்பது காண்டிராக்டருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. கேட்டால் மதிலடி எங்களுடையது என்பார்.

அவள் கேட்கவில்லை. காலால் அந்த மண்ணை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டாள்.

நகராட்சி அலுவலகத்துக்கு மட்டும் இரண்டு முறை போனாள், ஓட்டைகளைப் பற்றிச் சொல்ல. "மேட்டுத் தண்ணி பள்ளத்துக்குத்தானேம்மா வரும்? நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார் அங்கிருந்தவர், ஃபைலிலிருந்து தலை நிமிராமல். மூன்றாவது முறை அலுவலகத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்துக்குச் செடி கொடுக்கும் நர்சரிக்காரரிடம் போனாள்.

"தண்ணி தேங்குற இடத்துல என்ன வைக்கலாம்?"

நர்சரிக்காரர் ஒல்லியான மனிதர். செடிகளைப் பற்றிச் சொல்லும்போது சொந்தக்காரர்களைப் பற்றிப் புறம் பேசுகிற தோரணை இருக்கும். "ஆத்துப்பாலை வைங்க. நம்ம ஊர் ஓடையோரச் செடிதான். ஒட்டுச்செடி வேணாம், விதை வேணாம். குச்சிய ஒடிச்சு ஈர மண்ணுல சொருகினா போதும், பொழச்சுக்கும். குடிகாரப் பய. எவ்வளவு தண்ணி குடுத்தாலும் குடிப்பான்."

"மரமாயிடுமா?"

"விட்டா ஆயிடும். வருஷத்துக்கு ஒரு தரம் இலை உதிர்ற நேரத்துல முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டுட்டீங்கன்னா புதராவே நிக்கும். வெட்ட வெட்ட வீம்புக்குக் கிளைக்கும். ஒண்ணே ஒண்ணுதான்மா. குழாய், கழிவுத்தொட்டி இருக்குற பக்கம் மட்டும் வச்சிடாதீங்க. முப்பது அடியாவது தள்ளி வைங்க. இவன் வேரு தண்ணிய மோந்து பார்த்துக்கிட்டே போகும். குழாயில தலைமுடி நுழையிற இடுக்கு இருந்தா போதும், உள்ள போயி குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடும்."

லாண்டரியக்கா கட்டாகக் கிடந்த குச்சிகளில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"எத்தனை குச்சி தருவீங்க?" என்றாள்.

பன்னிரண்டு குச்சிகள். கட்டைவிரல் பருமன், ஒன்றரை முழ நீளம். அடுத்த மழைக்காலம் தொடங்கின வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நட்டாள். மொட்டுக்கண் மேலே பார்க்கும்படி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி, கடப்பாரையால் குழி போட்டு ஒவ்வொன்றாகச் சொருகி, குதிகாலால் மண்ணை இறுக்கினாள். இரண்டரை அடிக்கு ஒன்று. ஈரம் அதிகம் நிற்கும் நடுக்கொல்லையில் ஐந்து. மீதி ஏழும் மதிலோரம், அந்தப் புதுமண் ஓடின நேர்கோட்டில்.

வாக்கரைப் பிடித்தபடி பின்வாசலில் நின்ற மெக்கானிக் எண்ணிப் பார்த்தார்.

"அங்க என்னத்துக்கு ஏழு?"

"நிழலுக்கு."

"மதிலுக்கு எதுக்குடி நிழல்?"

"உங்களுக்கு டீ வைக்கவா?" என்று கேட்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடக் குடித்தனம், அவள் குரலில் வித்தியாசம் தெரியாதா.

முதல் வருடம் குச்சிகளுக்குக் களைதான் எதிரி. தினமும் ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்ததும், கையில் பிளீச்சிங் வாடை போகுமுன்பே கொல்லைக்குப் போவாள். அடிக்கு அடி புல்லைப் பிடுங்கி, ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்த பழைய அட்டைப்பெட்டிகளை விரித்து, மேலே சருகு போட்டு மூடுவாள். மதிலோர ஏழுக்கும் தனிக் கவனிப்பு. மெல்லிய நீள இலைகள் வந்தன, மேலே பச்சை, அடியில் வெள்ளி. காற்று அடித்தால் செடி நிறம் மாறும். இரண்டாம் வருடம் அவள் தலையைத் தாண்டின. வேறு எதுவும் பூக்காத மாதத்தில் பூனைவால் மாதிரி மஞ்சள் பூங்கொத்து தொங்க, எங்கிருந்தோ தேனீக்கள் வந்து மொய்த்தன. எல்லாவற்றையும்விட, கொல்லை காய்ந்தது. நாலு ஓட்டையும் ஊற்றிய தண்ணீர் இரண்டு நாளில் காணாமல் போனது. பாசி இருந்த இடத்தில் மண் தெரிந்தது. மெக்கானிக் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து நடுக்கொல்லைப் புதர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"போதும்டி. தண்ணி போச்சு, நிழல் வந்துச்சு, எனக்கு உக்கார இடம் கிடைச்சுது. அந்த ஏழையும் எடுத்துடு."

"எதுக்கு எடுக்கணும்?"

"பாவம், அந்தப் பொம்பளை. என்னைத் தூக்கி உக்கார வச்சது அவதான். அந்த வீட்டுல ஏதாவது ஆச்சுன்னா கஷ்டப்படப்போறது அவ. காண்டிராக்டரா கக்கூஸ் கழுவப் போறான்?"

"அவ புருஷன் கார்ல இருந்து இறங்கலைங்க."

"அதையே எத்தனை நாளைக்கு கியர்ல போட்டு வச்சிருப்ப?"

அவள் மதிலோரம் போய், ஏழாவது புதரின் அடியில் காதை வைக்காத குறையாக நின்றாள். மண்ணுக்கடியில் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சலசலப்பு இருந்தது. முன்பைவிட மெதுவாக.

இரண்டாம் வருட மழையில் மேட்டு வீட்டுக் குளியலறையில் தண்ணீர் நின்றது. பிளம்பர் வந்து நீளக் கம்பி விட்டு இழுத்தார். சிவப்பாக, ஈரமாக, கைப்பிடி வேர் வந்தது. பிளம்பர் சொன்ன சேதி தெருவுக்குத் தெரிந்து, அவள் காதுக்கும் வந்தது. அன்றைக்கு அவள் ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாள். மூன்றாம் வருட மழையில் விஷயம் குளியலறையோடு நிற்கவில்லை. கழிப்பறை இரண்டிலும் கழிவு எதிர்த்து வந்து, கூடம் வரை நாறியது. விருந்தாளிகள் வந்திருந்த நாள் அது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் காரில் ஏறுவதைத் தன் ஜன்னலில் நின்று கடைசி ஆள்வரை பார்த்தாள். வாசனை இவள் வீட்டுக்கும்தான் வந்தது. ஜன்னலைச் சாத்தவில்லை.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் காண்டிராக்டர் அனுப்பிய ஆட்கள் மதிலேறி வந்தார்கள். ஏழு புதரையும் தரையோடு தரையாக வெட்டினார்கள். மெக்கானிக் வாக்கரைத் தரையில் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தவள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த ஏழு அடிக்கட்டைகளின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் விழுந்த அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்தது. அப்படியே எழுந்து நர்சரிக்குப் போனாள்.

நர்சரிக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வெட்டினானா? நீங்க செய்ய வேண்டிய வேலைய அவனே செஞ்சிட்டுப் போயிருக்கான்மா. ஒரு மாசம் பொறுங்க. ஒண்ணு வெட்டின இடத்துல ஒம்பது வரும்."

பொறுத்தாள். வந்தது. ஒவ்வொரு கட்டையிலிருந்தும் கைவிரல்களாய்ப் புதுத் தளிர்கள் நிமிர்ந்தன. கீழே வேர் எப்போதும்போலத் தன் வேலையைப் பார்த்தது. இரண்டே மாதத்தில் மேட்டு வீடு மறுபடி நாறியது. இந்த முறை பிளம்பர் கம்பியைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டார். "உள்ள ஜடை பின்னி வச்ச மாதிரி இருக்கு சார். கம்பிக்கு அசையாது. தோண்டித்தான் எடுக்கணும். தோண்டுறதுன்னா அந்தம்மா கொல்லையில."

காண்டிராக்டர் நடந்து வந்தார். கார் இல்லை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார்.

"உங்க செடி என் குழாயை அடைச்சிருக்கு."

"என் கொல்லையில உங்க குழாய்க்கு என்ன வேலை?"

"மதிலடி என் எல்லை."

"சர்வேயரைக் கூப்பிட்டு அளப்போம். அளந்து அது உங்க எல்லைன்னு வந்தா, பன்னண்டு செடியையும் நானே வேரோட பிடுங்கிப் போடறேன்."

அவர் எதிர்பார்க்காத பதில். அளக்க மறுத்தால் அவள் கொல்லையில் தோண்ட முடியாது, தோண்டாவிட்டால் வீட்டில் ஒருத்தரும் இருக்க முடியாது. சர்வேயர் வந்து நாடா பிடித்தார். குழாய் இரண்டடி இவள் நிலத்துக்குள் கிடந்தது. சர்வேயர் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை அவள் நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தாள் நகராட்சிக்குப் போகாம இருக்கணும்னா மூணு காரியம்" என்றாள். "ஓட்டை நாலையும் அடைக்கணும். குழாயை எடுத்து உங்க மனையில, அந்தக் கடைசி ஓரத்துல போடணும். மழைத்தண்ணிக்கும் அங்கேயே வாய்க்கால் வெட்டித் தெருவுக்குத் திருப்பணும்."

"சரி. நாளைக்கே ஆள் விடறேன்."

"ஆள் வேணாம். நீங்க வெட்டணும்."

"என்னது?"

"கொத்தனாரா இருந்து வந்தவர்தானே நீங்க? கடப்பாரை பிடிக்க மறந்தா போயிருக்கும்? குழாய் பொருத்த பிளம்பர் வரட்டும். குழி நீங்க வெட்டணும். நான் உக்காந்து பார்க்கணும்."

உள்ளேயிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. "ஏய், இது அதிகம்டி."

"நீங்க சும்மா இருங்க."

காண்டிராக்டரின் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேட்டு வீட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தது. வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு லாண்டரியக்கா லீவு போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டு வீட்டுத் தோட்டத்துக்குப் போனாள். நிழல் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். காண்டிராக்டர் பனியனோடு, மடித்துக் கட்டிய வேட்டியோடு கடப்பாரையை ஓங்கினார். மண்ணா அது? இவரே கொட்டிய செங்கல், ஓடு, பீங்கான். ஒரு குத்துக்கு ஒரு கல் பெயரும், பெயராவிட்டால் கடப்பாரை கை அதிரத் திரும்பும். பத்து மணிக்கு உள்ளங்கை கொப்புளித்தது. துண்டைச் சுற்றிக்கொண்டார். அவருடைய வேலையாட்கள் இரண்டு பேர் தெருவில் நின்று, பார்ப்பதா போவதா என்று தெரியாமல் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி லாண்டரியக்காவுக்கு வெயிலில் மோர் குடித்த மாதிரி இருந்தது.

பதினொரு மணிவாக்கில் கடப்பாரை ஓட்டில் சறுக்கி அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. "அம்மா" என்று குந்திவிட்டார். மூன்று வருடமாக நாக்கின் அடியில் வைத்திருந்ததை அவள் அப்போது எடுத்தாள்.

"வயசானவரு. பார்த்து வெட்டணும்ல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். வலிதான் இருந்தது முகத்தில், வேறொன்றும் இல்லை. "ஆமா, கொஞ்சம் வழுக்குது" என்றார் சாதாரணமாக. முழங்காலைத் தேய்த்துவிட்டு மறுபடி எழுந்தார்.

அவருக்கு நினைவில்லை. சொன்னதே நினைவில்லை. அவள் மூன்று வருடம் சோறோடு பிசைந்து விழுங்கிய வாக்கியம், அவருக்கு அன்றைக்கே கார்ப் புகையோடு போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு, இனி இந்த ஆள் சாயங்காலம்வரை வெட்டினால் என்ன, வெட்டாவிட்டால் என்ன என்று தோன்றியது. எழுந்து, தண்ணீர் குடிக்கலாம் என்று அந்த வீட்டின் பின்வாசலுக்குப் போனாள்.

உள்ளே காண்டிராக்டரின் சம்சாரம் கூடத்துத் தரையில் முட்டிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் துணி கட்டியிருந்தாள். பக்கத்தில் இரண்டு வாளி. நிமிர்ந்து பார்த்து, துணியைக் கீழே இறக்கினாள்.

"வாங்கக்கா. உக்கார வைக்கிற மாதிரி இல்ல வீடு."

லாண்டரியக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். "உன்னை நினைச்சு நான் அதை நடலம்மா."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க குச்சி நட்ட அன்னைக்கு மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். எங்க அம்மா வீட்டுக்குப் பின்னால கால்வாய். கரை பூரா ஆத்துப்பாலைதான். கிணத்துப் பக்கம், குழாய்ப் பக்கம் ஒண்ணு முளைச்சாலும் எங்கப்பா அன்னைக்கே பிடுங்கிடுவாரு. நீங்க குழாய் மேல வரிசையா நடறதைப் பார்த்ததுமே புரிஞ்சுது."

"புரிஞ்சுமா உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லல?"

அவள் தரையில் ஒரு இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். "அந்த ஓட்டை போடும்போது சொன்னேன், அந்தப் பக்கம் வேணாங்க, அவங்க கொல்லை பள்ளம்னு. 'கட்டடத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்'னாரு. குழாய் போடும்போது சொன்னேன். 'உனக்கு என்ன தெரியும்'னாரு. உங்க வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வரேன்னு கிளம்பினேன். போனா தப்பு நம்மதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னாரு. இருபத்தோரு வருஷமா எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா இந்த வீட்டுல. சரி, இது ஒண்ணாவது எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கழுவுறது நீதானே?"

"நான்தான். நேத்து வரைக்கும் அவருக்கு எத்தனை வாளின்னுகூடத் தெரியாது. பரவால்ல. இன்னைக்கு அவரு குனிஞ்சு வெட்டுறாரு பாருங்க, அதுக்காக இன்னும் பத்து தடவை கழுவலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். லாண்டரியக்காவுக்கு முதலில் சுருக்கென்றது. தன் ஒருத்தியின் பழி என்று மூன்று வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததில், மாடியிலிருந்து இன்னொருத்தியும் பங்கு வைத்திருந்திருக்கிறாள். அந்தச் சுருக்கு அடங்குவதற்குள் அவள் கண் வாளிக்குள் போயிற்று. வெந்நீர், ஆவி பறந்துகொண்டிருந்தது.

"யாரு இதுல வெந்நீர் ஊத்தச் சொன்னது? நாத்தம் தரையில புடிச்சுக்கும். முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் பிளீச்சிங், அதுக்கும் அப்புறம்தான் சுடுதண்ணி. தள்ளு." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டிபோட்டாள். இருவரும் கூடத்தின் இரண்டு மூலையிலிருந்து நடுவை நோக்கித் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். பேச்சு அதிகமில்லை. துணியை லாண்டரியக்கா பிழிகிற வேகத்தைப் பார்த்து மற்றவள், "அப்பா, என்ன கை" என்றாள். வெளியே கடப்பாரைச் சத்தம் ஒரே சீராக விழுந்தது.

பாதிக் கூடம் தாண்டியபோது சத்தம் நின்றது. காண்டிராக்டர் ஜன்னலோரம் வந்து நின்றார். தலையெல்லாம் செங்கல் தூள். நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"குழி இடுப்பு வரைக்கும் வந்திருச்சு. ஆழம் போதுமான்னு பார்க்கச் சொல்லு அவங்கள."

லாண்டரியக்கா வாயைத் திறந்தாள். போதும் என்று சொல்லத்தான் திறந்தாள். அதற்குள் காண்டிராக்டரின் சம்சாரம் கையில் ஈரத்துணியோடு எழுந்து, ஜன்னல் கம்பி வழியாக வெளியே எட்டி, அந்தக் குழியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"பத்தாதுங்க" என்றாள். "இன்னும் ஒரு அடி வெட்டுங்க."